"இதுல வாட்ஸாப் வருமா?"

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் மேசையைத் தொடச்சுட்டு, 2018ல வாங்குன பழைய போன் ஒண்ண லேப்டாப்ல கேபிள் போட்டு மாட்டி உக்காந்தேன். அந்தப் போனுக்கு ஒரு குறையும் கிடையாது. ஸ்க்ரீன்ல கீறல் இல்ல, பேட்டரி போன வருஷம் தான் மாத்துனது, பகல் வெளிச்சத்துல கேமரா இன்னைக்கும் நல்லா எடுக்குது. ஆனா தயாரிச்ச கம்பெனி ரெண்டே வருஷத்துல அப்டேட் குடுக்கறத நிறுத்திடுச்சு, கடைசியா வந்த செக்யூரிட்டி பேட்ச் 2020ஓட நிக்குது. ஓஎஸ்னா போன ஓட்டற அடிப்படை சாப்ட்வேர், ஆன் பண்ணதும் அத எழுப்பி விடறது பூட்லோடர். அதனால அந்தப் பூட்லோடர அன்லாக் பண்ணி, ஆர்வலர்கள் சேந்து ஆண்ட்ராய்ட மாத்தி எழுதற லினியேஜ் ஓஎஸ்ஸ ப்ளாஷ் பண்ணேன், அதாவது பழசு இருந்த எடத்துல ஏத்துனேன். கறுப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்தா வரிவரியா ஓடி, ஒரு வளைவுக் கோட்டுல சின்ன வட்டம் ஓடுற அந்த லோகோ வந்து, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு, பொறுமையா ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போன் எந்திரிச்சுடுச்சு. புது ஆண்ட்ராய்டு, அந்த மாசத்து செக்யூரிட்டி பேட்ச். ஏழு வருஷப் போன் வழுக்கிக்கிட்டு ஓடுது.

அப்புறம் பேங்க் ஆப் போட்டேன். திறந்து மூணு செகண்ட் கூட ஆகல, "உங்கள் சாதனம் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதாக இல்லை"னு ஒரு பெட்டி, கீழ ஒரே ஒரு பட்டன், "வெளியேறு". வேற வழியே குடுக்கல.

இதுல எனக்கு ரொம்ப வலிச்ச விஷயம் என்னன்னா, அதே போன் முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும், அஞ்சு வருஷமா ஒட்டாம விட்ட ஓட்டைகளோட, அதே பேங்க் ஆப்ப ஒரு தடையும் இல்லாம ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ஓட்டையெல்லாம் அடைச்ச பிறகு தான் அது "பாதுகாப்பு இல்லாத" போன் ஆயிடுச்சு. ஏன்னா அந்த ஆப் போனோட பாதுகாப்பப் பாக்கறதே இல்ல. ப்ளே இன்டெக்ரிட்டின்னு கூகுளோட ஒரு சேவை இருக்கு, முன்னாடி சேப்டிநெட்னு பேரு. பேங்க் ஆப் அதுகிட்ட "இந்தப் போன் நீங்க சான்றிதழ் குடுத்த போன் தானா"னு கேக்கும், ஆமான்னா உள்ள விடும், இல்லன்னா இந்தப் பெட்டி. அவ்ளோ தான். வேற யாரோ எழுதுன ஓஎஸ் எவ்ளோ நல்லா இருந்தாலும், எவ்ளோ சுத்தமா இருந்தாலும், அந்தக் கேள்விக்கு "ஆமா" வராது.

அன்னைக்கு ராத்திரி பூரா இதையே தான் யோசிச்சுட்டு இருந்தேன். இன்னைக்கு உலகத்துல ஓடுற ஸ்மார்ட்போன்ல நூத்துக்கு தொண்ணூத்தொன்பதுக்கு மேல ஆண்ட்ராய்டு, இல்லன்னா ஐபோனோட ஐஓஎஸ், நம்ம நாட்டுல ஆண்ட்ராய்டு மட்டுமே தொண்ணூத்தஞ்சு பக்கம். வேற ஓஎஸ்ஸோட புதுசா ஒருத்தர் வந்தா நிக்க முடியுமா? வந்தவங்க எல்லாம் ஏன் போனாங்க? இந்தக் கேள்வி எனக்கு இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, பன்னெண்டு வருஷமா மனசுல கிடக்குது.

பன்னெண்டு வருஷம்னு ஏன் சொல்றேன்னா, 2013ல சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எங்க பெரியப்பா மகன், அண்ணன், மொபைல் கடை வச்சிருந்தாரு. பத்துக்கு எட்டு கடை, கண்ணாடி ஷோகேஸ், மேல டெம்பர்டு கிளாஸ் கட்டு, கீழ ரீசார்ஜ் கூப்பன். காலேஜ் லீவுக்குப் போனா நான் தான் கல்லாவுல. அப்போ நோக்கியாவோட லூமியா 520 வந்த நேரம், மைக்ரோசாப்டோட விண்டோஸ் போன் ஓஎஸ்ல ஓடுறது, பத்தாயிரம் சொச்சம். சிவப்பு, மஞ்சள், நீலம்னு பின்னாடி மூடியக் கழட்டி மாத்திக்கலாம். அத முதல் தடவை கையில எடுத்துத் தடவுனப்போ எனக்கு நிஜமாவே ஒரு மாதிரி ஆயிடுச்சு. 512 எம்பி ராம் தான், ஆனா ஸ்க்ரோல் பண்ணா விரலோடயே வரும், எங்கயும் சிக்காது. அதே விலைக்கு அப்ப இருந்த ஆண்ட்ராய்டு போன்ல காண்டாக்ட் லிஸ்ட் இறக்குனா ரெண்டு தடவை நின்னு நின்னு இறங்கும், கால் வந்தா எடுக்கற பட்டன் வர்றதுக்குள்ள கால் கட் ஆயிடும். லூமியால அந்த டைல்ஸ், சதுரம் சதுரமா, தானா திரும்பித் திரும்பி புது மெசேஜ், வானிலை, அம்மா போட்டோ எல்லாம் காட்டும். ஐபோன் மாதிரியும் இல்ல, ஆண்ட்ராய்டு மாதிரியும் இல்ல, யாரோ உக்காந்து முதல்லேர்ந்து யோசிச்சு செஞ்சது. நான் சம்பாதிச்சு வாங்குன முதல் போன் அது தான்.

ஆனா கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு. "தம்பி, இதுல வாட்ஸாப் வருமா?" வரும்ணேன்னு சொல்லுவேன். "பேஸ்புக்?" வரும். "கேம்?" அங்க தான் குரல் இறங்கும். அந்தச் சமயத்துல எல்லார் கையிலயும் இருந்த கேம் இதுல ஆறு மாசம் கழிச்சு வரும், இல்லன்னா வராமலே போகும். இன்ஸ்டாகிராம் 2013 நவம்பர்ல தான் வந்துச்சு, அதுவும் பீட்டான்னு பேர் போட்டு. போன கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நல்லா தான்பா இருக்குன்னு சொல்லிட்டு, பக்கத்துல இருக்கற ஆண்ட்ராய்ட வாங்கிட்டுப் போவாங்க. எத்தனை பேரு! அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு, அந்த லூமியாவத் தொடச்சு மறுபடி ஷோகேஸ்ல வைப்பாரு.

விண்டோஸ் போன் ஏன் போச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. லேட்டா வந்துச்சும்பாங்க, அது உண்மை தான், ஐபோன் 2007 ஜூன்ல கடைக்கு வந்துச்சு, முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 கடைசியில, விண்டோஸ் போன் 7 வர்றப்போ 2010 அக்டோபர் ஆயிடுச்சு. 2011 பிப்ரவரி 11ஆம் தேதி நோக்கியா தலைவர் ஸ்டீபன் எலோப் மைக்ரோசாப்டோட கைகோக்கறோம்னு அறிவிச்சாரு. அதுக்கு சில நாள் முன்னாடி அவர் தன்னோட ஊழியர்களுக்கு எழுதுன கடிதம் வெளிய கசிஞ்சுது, கடல் நடுவுல எரியற எண்ணெய் மேடையில நிக்கிற ஆள் மாதிரி நாம நிக்கிறோம்னு. கையில இருந்த நோக்கியாவோட பழைய ஓஎஸ் சிம்பியன் அன்னையோட செத்துச்சு, ஆனா விண்டோஸ் போன் கைக்கு வர அந்த வருஷக் கடைசி ஆயிடுச்சு. நடுவுல எட்டொம்பது மாசம் விக்கறதுக்கு எதிர்காலமுள்ள ஒரு போன் இல்ல. அதுக்கு மேல ஒரு தப்பு, 2012ல விண்டோஸ் போன் 8 வந்தப்போ உள்ள இருக்கற கெர்னலையே, அதாவது ஓஎஸ்ஸோட அஸ்திவாரத்தையே, மாத்திட்டதால, லூமியா 800, 900 வாங்குனவங்களுக்கு அது கிடைக்கவே இல்ல, 7.8னு ஒரு ஆறுதல் பரிசு தான். நம்பி முதல்ல வந்தவங்கள நடுரோட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. புதுசா வர்ற ஒருத்தருக்கு அந்த முதல் ஆளுங்க தான் சொத்து, அவங்க தான் பத்து பேர்கிட்ட சொல்றவங்க.

இதெல்லாம் இருந்தும், ஆப் மட்டும் வந்திருந்தா அது பொழச்சிருக்கும்னு தான் நான் இன்னைக்கும் நம்பறேன். யூடியூப் கதைய எடுத்துக்கங்க. 2013 மே மாசம் மைக்ரோசாப்டே உக்காந்து யூடியூபுக்கு ஒரு ஆப் எழுதுச்சு, விளம்பரம் வரல, டவுன்லோடு பண்ண விடுதுன்னு கூகுள் எதிர்ப்பு சொல்லுச்சு, திருத்தி ஆகஸ்ட்ல மறுபடி விட்டாங்க, கூகுள் அதையும் பிளாக் பண்ணிடுச்சு. போட்டியாளன் கையில தான் உனக்கு வேண்டிய ஆப் இருக்குன்னா அப்புறம் எப்படி? 2017 அக்டோபர்ல மைக்ரோசாப்டோட ஜோ பெல்பியோர் ட்விட்டர்ல வெளிப்படையா சொன்னாரு, காசு குடுத்துப் பாத்தோம், நாங்களே ஆப் எழுதிக் குடுத்துப் பாத்தோம், ஆனா ஆளுங்க எண்ணிக்கை குறைவா இருக்கறதால கம்பெனிங்க முதல் போட மாட்டேங்குதுன்னு. ஆள் இல்லன்னு ஆப் வராது, ஆப் இல்லன்னு ஆள் வராது. உலகத்துலயே காசு அதிகமா வச்சிருக்கற கம்பெனிகள்ல ஒண்ணு, காசு குடுத்தும் இந்த முடிச்ச அவுக்க முடியல. நோக்கியா போன் தொழில 700 கோடி டாலருக்கு மேல குடுத்து வாங்குனாங்க, 2015 ஜூலைல 760 கோடி டாலர நஷ்டக் கணக்குல எழுதுனாங்க.

ஸ்ரீபெரும்புதூர நெனச்சா மனசு கனக்குது. 2006ல நோக்கியா அங்க பேக்டரி தொடங்குச்சு. சுத்துப்பட்டு மாவட்டத்துலேர்ந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பிள்ளைங்க, அதுல பாதிக்கு மேல பொண்ணுங்க, கம்பெனி பஸ்ஸுல ஷிப்ட் ஷிப்ட்டா வந்து போவாங்க. வீட்டுல முதல் சம்பளம் வாங்குன பொண்ணு அவங்கள்ல எத்தனையோ பேரு. அமெரிக்காவுலயோ பின்லாந்துலயோ எடுத்த முடிவுன்னு நெனைக்கிறோம், அது காஞ்சிபுரத்துல ஒரு வீட்டு அடுப்பு வரைக்கும் வரும். வரி வழக்குல சொத்து முடங்குனதால மைக்ரோசாப்ட் வாங்குனப்போ இந்தப் பேக்டரி அந்த ஒப்பந்தத்துல சேரல, பிறகு ஆர்டர் நின்னு போச்சு, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நிறுத்தம். வரி வழக்கு இல்லன்னா அந்தப் பேக்டரி இருந்திருக்கும்னு சில பேரு சொல்லுவாங்க, இருந்திருக்கலாம். ஆனா போன் விக்கலன்னா எந்தப் பேக்டரியும் எத்தனை நாளு? இப்ப அதே இடத்துல சால்காம்ப்னு இன்னொரு கம்பெனி சார்ஜர் பண்ணுது, அதே சாலையில கொஞ்சம் தள்ளி பாக்ஸ்கான்ல ஐபோன் பூட்டறாங்க. நம்ம ஆளுங்க கை அன்னைக்கும் வேலை செஞ்சுது, இன்னைக்கும் செய்யுது.

மத்தவங்கள கொஞ்சம் வேகமா சொல்லிடறேன். பாம் கம்பெனியோட வெப்ஓஎஸ், 2009. திறந்திருக்கற ஆப் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்கும், வேண்டாதத மேல தள்ளி விட்டா போயிடும். இன்னைக்கு உங்க கையில இருக்கற எந்தப் போன்லயும் அத தான் தினம் செய்யறீங்க. ஹெச்பி 120 கோடி டாலர் குடுத்து வாங்கி, 2011 ஜூலை 1ஆம் தேதி டச்பேட்னு ஒரு டேப்லெட் விட்டு, நாப்பத்தொன்பதாவது நாள் கடைய மூடிட்டாங்க. ஒரு கொழந்தை தலை நிக்கறதுக்கே அதுக்கு மேல ஆகும். பிளாக்பெர்ரி 10, 2013 ஜனவரி, க்யூஎன்எக்ஸ்ங்கற இன்னொரு ஓஎஸ் மேல கட்டுன அருமையான வேலை, வந்தப்பவே காலம் தாண்டிடுச்சு. சாம்சங்கோட டைசன் நம்ம நாட்டுல தான் முதல்ல போனா வந்துச்சு, இசட்1, 2015 ஜனவரி, 5,700 ரூவா. இன்டெக்ஸ் 2016ல அக்வா பிஷ்னு செயில்பிஷ் ஓஎஸ் போன் 5,499 ரூவாய்க்குக் குடுத்துச்சு, பின்லாந்துல நோக்கியாவ விட்டு வெளிய வந்தவங்க எழுதுன ஓஎஸ் அது, அத நான் ஒரு நண்பர்கிட்ட வாங்கி ஒரு வாரம் வச்சிருந்தேன், பட்டனே இல்லாம எல்லாத்தையும் ஓரத்துலேர்ந்து இழுக்கணும், ரெண்டாவது நாள்லேர்ந்து விரல் தானாப் போகும்.

ஆனா பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸ அப்படித் தாண்டிப் போக மாட்டேன்.

பயர்பாக்ஸ் பிரவுசர் பண்ற மொஸில்லாக்காரங்க எழுதுனது அது, அவங்க நெனச்சது பெருசு. ஆப் கடையே வேண்டாம், வெப் தான் ஆப், ஒரு வெப்சைட் எழுதத் தெரிஞ்ச யாரும் போனுக்கு ஆப் எழுதலாம், அத எந்தக் கம்பெனியும் தடுக்க முடியாது. 2014 ஆகஸ்ட்ல இன்டெக்ஸ் கிளவுட் எப்எக்ஸ் வந்துச்சு, விலை 1,999 ரூவா. ஸ்மார்ட்போன்! அந்த விலைக்கு! அண்ணன் கடைக்கு அஞ்சு பீஸ் எடுத்தாரு. 128 எம்பி ராம், 2ஜி மட்டும், மூணரை இன்ச் ஸ்க்ரீன். தட்டுனா யோசிச்சு யோசிச்சு தான் திறக்கும். அதக்கூட மன்னிச்சிருப்பாங்க, ரெண்டாயிரத்துக்கு இவ்ளோ வந்தாப் போதும்னு. ஆனா கல்லாவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அதே கேள்வி, "தம்பி, வாட்ஸாப் வருமா?" இந்தத் தடவை பதில் வராது தான். பக்கத்து ஊர் பட்டாசு ஆலையில வேலை பாக்கற ஒரு அக்கா, மகன் துபாய்ல இருக்கான், அவன் அனுப்பற வாய்ஸ் மெசேஜ் கேக்கணும்னு தான் முதல் தடவையா ஸ்மார்ட்போன் வாங்க வந்தாங்க. ரெண்டாயிரம் ரூவாய எண்ணி கண்ணாடி மேல வச்சிட்டாங்க. வராதுன்னு சொன்னதும் ஒவ்வொரு நோட்டா மறுபடி எடுத்து மடிச்சு பர்ஸ்ல வச்சாங்க. எனக்கு அந்த விரலு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, மருந்து பட்டு நகம் வெள்ளி மாதிரி இருக்கும். அவங்களுக்கு ஓஎஸ்னா என்னன்னு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அவங்களுக்கு வேண்டியது மகன் குரலு.

2015 டிசம்பர்ல மொஸில்லா போன் திட்டத்த நிறுத்திடுச்சு. அதுக்கப்புறம் நடந்தது தான் எனக்குப் பெரிய பாடம். அந்த கோடு, அதாவது எழுதி வச்ச ப்ரோக்ராம், சாகல, யாரும் எடுத்து மாத்திக்கற ஓப்பன் சோர்ஸ்ங்கறதால அதுலேர்ந்து பிரிச்செடுத்து கைஓஎஸ்னு ஒண்ணு வந்துச்சு. 2017 ஜூலைல ஜியோபோன் அறிவிச்சாங்களே, 1,500 ரூவா டெபாசிட், மூணு வருஷத்துல திருப்பித் தருவோம்னு, அதுக்குள்ள இருந்தது அந்த கைஓஎஸ் தான். அதே பரம்பரை கோடு. ஜியோபோனும் வாட்ஸாப் இல்லாம தான் வந்துச்சு. ஆனா இந்தத் தடவை கோடிக்கணக்குல கைக்குப் போயிடுச்சு, 2018 செப்டம்பர்ல வாட்ஸாப்காரங்களே அதுக்குன்னு தனியா ஆப் எழுதிக் குடுத்தாங்க. அதே வருஷம் ஜூன்ல கூகுளே 2.2 கோடி டாலர் கைஓஎஸ்ல முதலீடு பண்ணுச்சு. என்ன மாறுச்சு? கோடு எழுதுனவங்க திறமை ஒரே வருஷத்துல பத்து மடங்கு ஆகல. சிம்மும் டேட்டாவும் டவரும் கையில வச்சிருந்த ஒருத்தர், போன் விலைய தானே சுமந்து, ஆள முதல்ல கொண்டு வந்தாரு, ஆப் பின்னாடி வந்துச்சு. முடிச்ச ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கறதுக்கு அவ்ளோ பெரிய கை வேணும்.

அந்தப் பெரிய கையும் எத்தனை நாள் பிடிச்சுது? 2021 தீபாவளிக்கு ஜியோபோன் நெக்ஸ்ட் வந்தப்போ அதுல கூகுளோட சேந்து பண்ண ஆண்ட்ராய்டு. 2024ல கைஓஎஸ் கடையிலேர்ந்து வாட்ஸாப்ப எடுத்துட்டாங்க. பிடிச்ச கை விட்டதும் கயிறு பழைய இடத்துக்கே போயிடுச்சு.

சரி, ஆப் இல்லாதது ஒண்ணு தான் தடையான்னா, இல்ல, வேலி போட்டும் வச்சிருந்தாங்க. 2012 செப்டம்பர்ல ஏசர் கம்பெனி ஷாங்காய்ல ஒரு போன் வெளியிடறதா இருந்துச்சு, அலிபாபாவோட அலியூன் ஓஎஸ் போட்டது. மேடையெல்லாம் தயார், கடைசி நேரத்துல நிகழ்ச்சி ரத்து. ஆண்ட்ராய்டு கூட்டணியில இருக்கற நீ, ஆண்ட்ராய்ட மாத்தி எழுதுன இன்னொண்ண விக்கக் கூடாதுன்னு கூகுள் தரப்புலேர்ந்து அழுத்தம். அந்த மாதிரி ஒப்பந்தத்துக்கு பேரே இருக்கு, பிரிவினைத் தடுப்பு ஒப்பந்தம். நீ பத்து மாடல் ஆண்ட்ராய்டு விக்கற கம்பெனின்னா, பதினொண்ணாவதா ஒரு மாடல் வேற மாதிரி ஆண்ட்ராய்டு போட்டு முயற்சி பண்ணிப் பாக்கலாம்னா, அந்தப் பத்துக்கும் ப்ளே ஸ்டோர் போயிடுமோன்னு பயம். யார் முயற்சி பண்ணுவா? வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற நம்ம காம்பெட்டிஷன் கமிஷன் 2022 அக்டோபர்ல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூவா அபராதம் போட்டப்போ இந்த விஷயமும் அதுல உண்டு. 2023 மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்த உறுதி பண்ணுச்சு, சில உத்தரவுகள மட்டும் நீக்குச்சு. ஐரோப்பாவுல 2018லயே 434 கோடி யூரோ போட்டாங்க, பிறகு கோர்ட் கொஞ்சம் குறைச்சுது. நல்லது, வேலி கொஞ்சம் தளந்துச்சு. ஆனா பத்து வருஷம் வேலி இருந்த நிலத்துல, வேலிய எடுத்த மறுநாள் செடி மொளைக்காது.

இவ்ளோக்கும் நடுவுல ஒருத்தர் மட்டும் நின்னுட்டாரு. சீனாவோட ஹுவாவே. அது ஆசைப்பட்டு ஓஎஸ் எழுதல, 2019 மே மாசம் அமெரிக்கா தடைப் பட்டியல்ல போட்டு, கூகுள் சேவை எல்லாம் கைய விட்டுப் போனதால எழுத வேண்டி வந்துச்சு. ஆகஸ்ட்ல ஹார்மனிஓஎஸ்னு பேர் அறிவிச்சாங்க, 2021 ஜூன்ல போனுக்கு வந்துச்சு, அப்ப அதுக்குள்ள ஆண்ட்ராய்டு கோடு இருந்துச்சு, பாதி உலகம் இது ஆண்ட்ராய்டுக்கு வேற சட்டைன்னு சொல்லுச்சு. 2024 அக்டோபர்ல வந்த ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட்ல அத முழுசா எடுத்துட்டாங்க, ஆண்ட்ராய்டு ஆப்ப நேரா போட முடியாது, எல்லாரும் ஆர்க்டிஎஸ்னு அவங்க மொழியில மறுபடி எழுதணும். ஆப்பும் குட்டிச் சேவைகளும் சேத்து பதினஞ்சாயிரத்துக்கு மேல தயார்னு சொன்னாங்க. 2024 முதல் காலாண்டுலயே கவுன்டர்பாயின்ட்ங்கற ஆய்வுக் கம்பெனி கணக்குப்படி சீனாவுல ஹார்மனி 17 சதவீதம், ஐஓஎஸ் 16. மூணாவது ஓஎஸ் ஒண்ணு ஒரு பெரிய நாட்டுல ரெண்டாவது எடத்துக்கு வந்தது விண்டோஸ் போன் காலத்துலேர்ந்து நான் கேக்க ஆசைப்பட்ட செய்தி.

ஆனா அதே ஹுவாவே போன் ஐரோப்பாவுல என்ன ஆச்சுன்னு பாக்கணும். 2019 செப்டம்பர்ல மேட் 30, கூகுள் இல்லாம வந்துச்சு. அதே கேமரா, அதே சிப், அதே கண்ணாடி. ஜெர்மனியில வாங்குனவருக்கு ப்ளே ஸ்டோர் இல்ல, மேப் இல்ல, யூடியூப் இல்ல, பாதி பேங்க் ஆப் இல்ல. சீனாவுல வாங்குனவருக்கு ஒண்ணுமே குறையல, ஏன்னா அங்க கூகுள் சேவை முன்னாடியே கிடையாது, அவங்க ப்ளே ஸ்டோர பாத்ததே இல்ல. அவங்களுக்கு வேண்டியது வீசாட், அலிபே, தாவ்பாவ், டோயின், மெய்த்துவான்னு அந்த ஊர் ஆப் தான். அந்தக் கம்பெனி எல்லாம் ஒரே நாட்டுல, ஹுவாவே போய் கதவத் தட்டுனா திறக்கற தூரத்துல, பின்னாடி அரசாங்கத்தோட விருப்பமும் இருக்கு. அதனால தான் நடந்துச்சு. ஹுவாவே பொறியாளர்கள் உழைப்ப நான் குறைச்சுச் சொல்லல, ராத்திரி பகலா எழுதியிருப்பாங்க. ஆனா அதே உழைப்ப பாம்காரங்களும், லூமியா டிசைன் பண்ணவங்களும், செயில்பிஷ் எழுதுனவங்களும் போட்டாங்க.

அப்போ நம்ம கதை? 2023 ஜனவரில ஐஐடி மெட்ராஸ்லேர்ந்து பார்ஓஎஸ் வந்துச்சு, அங்க இன்குபேட் ஆன ஜேண்ட்கே ஆப்பரேஷன்ஸ்ங்கற சின்னக் கம்பெனி பண்ணது. ரெண்டு மத்திய அமைச்சருங்க கையில வாங்கி டெஸ்ட் பண்ண வீடியோ எல்லா குரூப்லயும் சுத்துச்சு. சென்னைல உருவானதுங்கறதால எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அதுல முன்னாடியே திணிச்ச ஆப் எதுவும் கிடையாது, வேண்டியத நாமளே போட்டுக்கலாம், நிறுவனங்க தங்களுக்குன்னு தனி ஆப் கடை வச்சுக்கலாம். ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்கு முதல்லன்னு சொன்னாங்க, அது சரியான தொடக்கம். அது ஆண்ட்ராய்டோட திறந்த கோடு மேல கட்டுனது தான், அதுல தப்பில்ல, நான் ப்ளாஷ் பண்ண லினியேஜும் அதே தான். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், 2025 மார்ச்லேர்ந்து ஆண்ட்ராய்டு எழுதற வேலை முழுக்க கூகுளுக்குள்ளயே நடக்குது, முடிஞ்ச பிறகு தான் கோடு வெளிய வருது. கிணறு நம்ம தெருவுல இருந்தாலும் ஊத்துக் கண்ணு வேற வீட்டுல இருக்கு.

அந்த மாதிரி ஒரு போன சாதாரண ஆள் ஒருத்தர் வாங்கிட்டு வந்து யுபிஐ ஆப் போட்டா என்ன ஆகும்? என் சாப்பாட்டு மேசையில நடந்தது நடக்கறதுக்குத் தான் வாய்ப்பு அதிகம். முன்னாடி கேட்ட கேள்வி வாட்ஸாப் வருமா. இப்ப சாத்தூர்ல சேவு கடையில, பஸ்ஸுல, கோயில் வாசல் பூக்காரம்மாகிட்ட எங்க போனாலும் ஜிபே வருமான்னு தான். வாட்ஸாப்காவது, ஆள் நிறைய வந்தா அவங்களே எழுதிக் குடுப்பாங்க, ஜியோபோன்ல பாத்தோம். பேங்க் ஆப்ல அது கூட நடக்காது, ஆப் ஏற்கனவே இருக்கு, உன் போன்ல ஓடவும் ஓடும், ஆனா சான்றிதழ் குடுக்கற ஆள் உன்னோட போட்டியாளன். யூடியூப்ல மைக்ரோசாப்டுக்கு நடந்தது இப்ப பணத்துக்கு வந்திருக்கு.

வெப்சைட்டுலயே யுபிஐ பண்ணிட்டா போச்சேன்னு கேக்கலாம். நானும் யோசிச்சேன். யுபிஐ பதிவு பண்ணறப்போ நம்ம சிம்லேர்ந்து ஒரு எஸ்எம்எஸ் தானாப் போகணும், சிம்மும் போனும் ஒண்ணா இருக்கான்னு பாக்கறதுக்கு. பிரவுசரால அத செய்ய முடியாது, அதனால ஆப் கட்டாயம். அந்தப் பாதுகாப்பு வேணும், அத எடுக்கச் சொல்லல.

இதுல எனக்கு நம்பிக்கை குடுக்கற ஒரு விஷயம் இருக்கு. பட்டன் போன் வச்சிருக்கறவங்களுக்காக 2022 மார்ச்ல ரிசர்வ் பேங்க் யுபிஐ 123பே கொண்டு வந்துச்சு. ஆப்பே இல்லாம, கால் பண்ணி, மிஸ்டு கால் குடுத்து பணம் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் வாங்க முடியாதவங்களுக்கும் வழி இருக்கணும்னு யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. அதே அக்கறைய இன்னும் ஒரு அடி நகத்தணும். பட்டன் போனுக்கு வழி இருக்கு, கூகுள், ஆப்பிள் ஓஎஸ் போட்ட போனுக்கு வழி இருக்கு, நடுவுல வேற ஓஎஸ் போட்ட போன்ல ஆப் ஓடறதுக்கு மட்டும் வழி இல்ல. தொழில்நுட்பத்துல தடை கிடையாது. ஆண்ட்ராய்டுலயே ஹார்ட்வேர் அட்டெஸ்டேஷன்னு ஒண்ணு இருக்கு, போனுக்குள்ள இருக்கற செக்யூரிட்டி சிப் நேரா கையெழுத்துப் போட்டுச் சொல்லும், இந்தப் போன் லாக் ஆகியிருக்கு, இன்னாரோட டிஜிட்டல் சாவியால கையெழுத்தான ஓஎஸ் தான் ஓடுது, கலப்படம் இல்லன்னு. பாதுகாப்புக்குன்னே ஆண்ட்ராய்ட மாத்தி எழுதற கிராபீன்ஓஎஸ்காரங்க எங்க சாவி இது, இத ஏத்துக்கங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ரிசர்வ் பேங்கோ, யுபிஐய நடத்தற என்பிசிஐயோ ஒரு பட்டியல் வச்சு, இந்த இந்த ஓஎஸ் சாவிய எல்லா பேங்க் ஆப்பும் ஏத்துக்கணும், சேத்துக்க இந்த இந்தத் தணிக்கைன்னு சொன்னா, பார்ஓஎஸ்ஸுக்கும் இடம் கிடைக்கும், நாளைக்கு கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு எழுதப்போற ஓஎஸ்ஸுக்கும் இடம் கிடைக்கும். என் போன் மாதிரி பூட்லோடர் திறந்தே கிடக்கறது அதுல பாஸ் ஆகாது, அது நியாயம் தான், நான் அத கேக்கவும் இல்ல. புதுசா ஒரு ஓஎஸ் எழுதுங்கன்னு கூப்பிடறதுக்கு முன்னாடி இந்தப் பட்டியல் வேணும். நமக்குன்னு ஓஎஸ் வேணும்னு பேசற மேடையில எல்லாம் ஒருத்தராவது இதப் பேசணும்னு தவிப்பா இருக்கு.

பேங்குக்கு எழுதுனேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தைப் பயன்படுத்தவும்னு. யார் அங்கீகரிச்சதுன்னு திருப்பி எழுதியிருக்கேன், ஹார்ட்வேர் அட்டெஸ்டேஷன் பத்தி ரெண்டு பத்தி சேத்து, அவங்க டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பச் சொல்லி. ஒரு டிக்கெட் நம்பர் வந்திருக்கு. அதே கடிதத்த கொஞ்சம் மாத்தி ரிசர்வ் பேங்குக்கும் தமிழ்ல ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கேன், ரெண்டாவது பக்கத்துல நிக்குது.

அந்தப் போன் இப்ப அப்பாகிட்ட இருக்கு. காலையில செய்தி, சாயங்காலம் எப்எம்ல பழைய பாட்டு, எழுத்தப் பெருசாக்கி வச்சுக் குடுத்திருக்கேன். பேட்டரி ரெண்டு நாள் வருதுடான்னு நேத்து சொன்னாரு. பணம் அனுப்பணும்னா மட்டும் என்னக் கூப்பிடறாரு.